பயந்த நாய்க்கு மூன்று பட்டை பாடி பெல்ட்டும் மஞ்சள் உறையும்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயப்படுகிற நாய் வைத்திருக்கிறீர்கள் என்றால், நாயின் உடம்பைச் சுற்றி மாட்டுகிற இந்த மூன்று பட்டை பாடி பெல்ட்டை யோசிக்காமல் வாங்குங்கள். இதோடு சேர்த்து விற்கிற, லீஷ் (நாயைப் பிடித்து நடக்கிற வார்) மேல் சுற்றிக்கொள்ளும் மஞ்சள் உறைக்குக் காசு கொடுப்பதற்கு முன் மட்டும் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். பெல்ட்டுக்கு ஐந்து நட்சத்திரம், உறைக்கு இரண்டு.

எங்கள் நாய் செவலை, நாட்டு நாய். மடிப்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் கிட்டத்தட்ட வளர்ந்த நாயாகத்தான் எங்களிடம் வந்தாள். நாய்க்குட்டிகள் 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரை எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கின்றனவோ, கேட்கின்றனவோ, அதெல்லாம்தான் பின்னாளில் அவற்றுக்கு இயல்பான உலகம். அந்த வயதில் செவலைக்கு மனிதக் கை நல்லவிதமாகப் பழகியிருக்காது என்பது அவளைப் பார்த்தாலே தெரியும். குச்சி, துடைப்பம், ஹெல்மெட் போட்ட ஆள், காஸ் சிலிண்டரை இறக்கும் சத்தம், இவற்றில் எது வந்தாலும் வாலை வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு ஓடப் பார்ப்பாள். கடிக்க வருகிற நாய் இல்லை, ஓட வழி கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்பதை நான் சோதித்துப் பார்க்க விரும்பாத நாய். இந்த வித்தியாசம் புரிந்தவர்களுக்குத்தான் இந்த விமர்சனம்.

சரி, பெல்ட்டுக்கு வருகிறேன். கடைகளில் கிடைக்கிற சாதாரண பாடி பெல்ட்டில் இரண்டு பட்டைதான் இருக்கும், கழுத்தைச் சுற்றி ஒன்று, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒன்று. தைரியமான நாய்க்கு அது போதும், ஏனென்றால் அது முன்னால்தான் இழுக்கும். பயந்த நாய் பின்னால் போகும். தலையைத் தாழ்த்தி, முன்னங்கால் இரண்டையும் நீட்டி, முழங்கையை மடக்கி, ரிவர்ஸில் வரும். நீங்கள் எதிர்ப்பக்கம் லீஷைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அந்த நொடியில் பெல்ட் முழுவதும், சின்னக் குழந்தை சட்டையைத் தலை வழியாகக் கழற்றுகிற மாதிரி, கழன்று உங்கள் கையோடு வந்துவிடும். நாய் மெயின் ரோட்டில் இருக்கும். பயந்த நாய் வளர்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இதுதான் எல்லோருக்கும் இருக்கிற முதல் பயம். மிரண்டு தப்பித்த நாய் கூப்பிட்டால் வராது, வளர்த்தவரையே கூட அந்த நேரத்தில் அடையாளம் தெரியாததுபோல ஓடும்.

இதில் இருக்கிற மூன்றாவது பட்டை விலா எலும்புகள் முடிகிற இடத்துக்குப் பின்னால், இடுப்பைச் சுற்றிப் போகிறது. நாட்டு நாய்களுக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஒடுங்கிய இடத்தில் சரியான அளவில் மாட்டிய பட்டை, அகலமான நெஞ்சுக்கூட்டைத் தாண்டி முன்னால் வர முடியாது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் இந்த ஒரு பட்டைதான் என்னைத் தெருவில் நிம்மதியாக நடக்க வைத்தது. பட்டாசுச் சத்தத்துக்கு, லாரி டயர் வெடித்ததற்கு, திடீரென்று கதவைத் திறந்த ஆட்டோவுக்கு என்று செவலை பலமுறை முழு வேகத்தில் பின்னால் பாய்ந்திருக்கிறாள். பெல்ட் அசையவில்லை.

அளவெடுக்கும்போது கழுத்து, நெஞ்சின் பெரிய சுற்றளவு, இடுப்பு என்று மூன்றையும் துணி டேப்பால் எடுங்கள். எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அட்டவணையில் எடைக்கு நேராகப் போட்டிருக்கிற அளவு லாப்ரடார் மாதிரி உருண்டையான நாய்க்குத்தான் சரியாக வருகிறது. மாட்டிய பிறகு ஒவ்வொரு பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று விரல் நுழைந்தால் தளர்வு. முன்பக்கம் ஒய் வடிவத்தில் இருப்பதால் தோள்பட்டை தாராளமாக அசைகிறது, நெஞ்சுக்குக் குறுக்கே நேர்ப்பட்டை போகிற மாடலில் இது கிடைக்காது. முதுகில் ஒரு வளையம், நெஞ்சில் ஒரு வளையம், இரண்டுமே உலோகம். தூக்குவதற்கு முதுகில் ஒரு கைப்பிடி இருக்கிறது, சின்னதுதான், ஆனால் படிக்கட்டில் உறைந்து நின்றுவிடுகிற நாய்க்கு அது பெரிய ஆறுதல்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பக்கிள் மூடும்போது வருகிற ‘டக்’ சத்தம் நல்ல பலமாக இருக்கிறது. சத்தத்துக்குப் பயப்படுகிற நாய்க்கென்று செய்த பொருளில் இதை யோசித்திருக்க வேண்டும். பக்கிளை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு மூடினால் சத்தம் பாதியாகக் குறைகிறது. நாங்கள் முதலில் பெல்ட்டைத் தரையில் போட்டு, அதன் மேல் உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல் துண்டுகளைப் போட்டு, அப்புறம் கழுத்து வளையத்துக்குள் கையை விட்டு ஈரலை நீட்டி, தலையை அவளாகவே உள்ளே விடும்வரை காத்திருந்தோம். பக்கிள் சத்தம் தனியாக, பெல்ட் மாட்டாமலே, தூரத்தில் இருந்து. ஒரு ‘டக்’, உடனே ஒரு துண்டு. இப்போது அந்தச் சத்தம் கேட்டால் சமையலறையில் இருந்து ஓடி வருகிறாள். இன்னொரு குறை, உள்பக்கம் இருக்கிற பஞ்சு. குளிர்ப்பிரதேசத்தை மனதில் வைத்துத் தைத்தது போலத் தெரிகிறது. நாய் உடம்பு முழுக்க வியர்த்துக் குளிராது, பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அதனால் கத்திரி வெயிலில் வயிற்றைச் சுற்றிப் பஞ்சைக் கட்டிக்கொண்டு நடப்பது கஷ்டம். விடியற்காலையில்தான் போகிறோம் என்பதால் சமாளிக்கிறோம். மழைக்காலத்தில் காய நேரம் ஆகிறது, ஈரத்தோடு மாட்டினால் அக்குளில் சிவந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள், பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இழுத்தால் நீள்கிற, சுருள்கிற லீஷை மட்டும் இதோடு சேர்த்து வாங்காதீர்கள், பயந்த நாய்க்கு அது ஆபத்து. கையில் இருந்து நழுவினால் அந்த பிளாஸ்டிக் பிடி தரையில் தடதடவென்று நாயைத் துரத்திக்கொண்டே போகும், நாய் நிற்கவே நிற்காது. சாதாரண நைலான் லீஷ் போதும். அதைப் பெல்ட்டில் மாட்டிவிட்டு, இன்னொரு மெல்லிய லீஷை நாயின் கழுத்துக் காலரில் தனியாக மாட்டி உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். கடையில் சங்கிலியும் சுருக்குச் சங்கிலியும்தான் எடுத்து நீட்டுவார்கள், “நாட்டு நாய்க்கு இதான் கரெக்ட்” என்பார்கள். பயந்து நிற்கிற நேரத்தில் கழுத்தும் வலித்தால், எதைப் பார்த்துப் பயந்ததோ அதோடு வலியும் சேர்ந்து பதிந்துவிடும். வேண்டாம்.

இப்போது மஞ்சள் உறை. பின்னணி நல்ல எண்ணம்தான். 2012 வாக்கில் சுவீடனிலும் கனடாவிலும் தொடங்கிய ஒரு வழக்கம், லீஷில் மஞ்சள் துணி கட்டியிருந்தால் ‘இந்த நாய்க்கு இடம் கொடுங்கள்’ என்று அர்த்தம். அங்கே அது ஓரளவு பரவியிருக்கிறது. நம் தெருவில் மஞ்சள் துணி கட்டிய எதையும் பார்த்தால் ஜனங்களுக்கு என்ன தோன்றும்? “வேண்டுதலா?” என்று கேட்டவர்கள் உண்டு. சமயபுரத்துக்கா, பழனிக்கா என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார் ஒரு அம்மா. அவரை நான் குறை சொல்லவே மாட்டேன், மஞ்சள் துணிக்கு நம் ஊரில் அதுதான் பொருள். பொருளை இங்கே விற்கிறவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

உறையின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எம்பிராய்டரி போடுகிற தையல் கடையில் கொடுத்து “பயந்த நாய், தொடாதீங்க” என்று தமிழில் போட்டு வாங்கினேன். அப்போதுதான் அடிப்படைக் கோளாறு புரிந்தது. உறையின் அகலமே இரண்டு விரல். அதில் இருக்கிற எழுத்தைப் படிக்க ஒருவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஆறடிக்குள் வர வேண்டும். கிட்ட வராதே என்று சொல்கிற பலகையைப் படிக்கவே கிட்ட வரவேண்டியிருக்கிறது. செவலைக்குத் தெரியாத ஆள் குனிவதுதான் இருப்பதிலேயே பெரிய பயம். பிறகு இன்னொன்றும் நடந்தது, இதை எதிர்பார்க்கவில்லை. படித்தவர்கள் நின்றார்கள். “அப்படியாம்மா, எதுக்குப் பயப்படுது?” என்று ஆரம்பித்து யோசனை சொல்லத் தொடங்கினார்கள். உறை இல்லாத நாட்களில் தாண்டிப் போயிருப்பவர்கள்.

யோசனை சொல்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பயந்த நாய் வைத்திருக்கிறவர்களைச் சோர்ந்து போக வைப்பது நாய் இல்லை, இதுதான். நாயைப் பிடிக்காதவர்கள், பயப்படுகிறவர்கள் என்னைத் தொந்தரவு செய்ததே கிடையாது. அவர்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போய்விடுவார்கள், எனக்கும் செவலைக்கும் வேண்டியது அந்தத் தூரம்தான். தெருநாய்க்கடி, ரேபிஸ் என்று தினமும் செய்தி வருகிற ஊரில் அவர்கள் ஒதுங்குவதும் நியாயம். கஷ்டம், நாயை நேசிக்கிறவர்களிடம்தான். “எனக்கு நாய்ன்னா உயிரு, என்னை ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லிக்கொண்டே கையை மூக்குக்கு நேராக நீட்டுவார்கள். மோந்து பார்க்கட்டும் என்று. நாய்க்கு உங்கள் வாசனை தெரிய நீங்கள் கையை நீட்ட வேண்டியதே இல்லை, நீங்கள் தெருமுனை திரும்பும்போதே அதற்கு வந்துவிடும். அது உதட்டை நக்குகிறது, கொட்டாவி விடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கிறது என்றால் தூக்கம் வருகிறது என்று அர்த்தமில்லை, போய்விடுங்கள் என்று கெஞ்சுகிறது. கெஞ்சியும் கேட்கவில்லை என்றால் உறுமும். உறுமியதற்கு அடித்தால் அடுத்த தடவை உறுமாது, நேராகக் கடிக்கும். உறுமலை அடக்காதீர்கள் என்று கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

காலையில் வாக்கிங் போகிற ஒரு பெரியவர் பார்க்கும்போதெல்லாம் சொல்வது: “ஏம்மா, ஒரு நாள் இதைக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அந்தக் கூட்டத்துல ஒரு மணி நேரம் நிறுத்தி வை. பயமெல்லாம் பறந்துடும்.” நல்ல மனிதர். ஆனால் தண்ணீருக்குப் பயப்படுகிறவரைக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் வந்துவிடும் என்று யாரும் சொல்வதில்லை, நாய்க்கு மட்டும் சொல்கிறோம். அப்படி நிறுத்தினால் ஒரு கட்டத்தில் நாய் அமைதியாகும், உண்மைதான். பயம் போனதால் அல்ல, என்ன செய்தாலும் தப்பிக்க முடியாது என்று கைவிட்டதால். உணவைத் தொடாது, கண் ஒரே இடத்தில் நிற்கும், உடம்பு விறைத்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு ‘சரியாயிடுச்சு’ என்று தோன்றும்.

வேறென்ன சொல்வார்கள்? இரண்டு அடி போடுங்கள். கறி கொடுப்பதை நிறுத்துங்கள். ஒரு தடவை குட்டி போடவிடுங்கள். கொஞ்சாதீர்கள், கொஞ்சினால் பயம் அதிகமாகும். கடைசியில் இருப்பது படித்தவர்கள் சொல்வது, பார்க்க அறிவியல் மாதிரி இருக்கும். பயம் ஒரு உணர்ச்சி, உட்காரச் சொன்னால் உட்காருவது மாதிரி ஒரு செயல் இல்லை, பிஸ்கட் கொடுத்தால் அதை அதிகம் செய்வதற்கு. நடுங்குகிற நாய் உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் வேறு மாதிரி: “எங்கியோ பயந்திருக்குடி கொழந்தை. வேப்பிலை அடிச்சு மந்திரிச்சு விட்டா தேவலாம்.” அவர் வைத்தியத்தை நான் செய்யவில்லை. ஆனால் அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் இது திமிர் இல்லை, பயம் என்று முதல் பார்வையிலேயே சொன்னவர், அதற்காகவே அவரிடம் நின்று பேசுவேன்.

எனக்கு ரொம்பக் கோபம் வருவது “நீங்க லீடரா இருக்கணும், ஆல்ஃபா யாருன்னு காட்டணும்” என்பவர்களிடம். நாயை மல்லாக்கப் புரட்டி அமுக்கிப் பிடிக்கச் சொல்கிறவர்கள். கூட்டத்தை அடக்கி ஆளுகிற தலைவன் என்கிற இந்த ஆல்ஃபா கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947-ல் ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதிய கட்டுரை அதன் ஒரு வேர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்தால் சண்டை வரத்தான் செய்யும். அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதே மெக் பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் கவனித்துவிட்டு, 1999-ல் தானே திருத்தி எழுதினார்: இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் இருக்கிற ஒரு குடும்பம், சண்டை போட்டுப் பட்டம் வாங்குகிற தலைவன் யாரும் அங்கே இல்லை. எழுதியவரே திருத்திய விஷயத்தை இன்றைக்கும் தெருவில் நின்று எனக்கு வகுப்பெடுக்கிறார்கள். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை எந்தப் பிரச்சினையாக இருந்தாலும், பயந்த நாய், சீறுகிற நாய் உட்பட, வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறையைத்தான் பரிந்துரைக்கிறது. அமுக்கிப் பிடித்தால் பயந்த நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான், மனிதக் கை ஆபத்து.

அப்படியானால் என்ன செய்வது? தூரம். எவ்வளவு தூரத்தில் ஆளைப் பார்த்தும் செவலை ஈரலை வாங்கித் தின்கிறாளோ அதுதான் அன்றைக்கு எங்கள் எல்லை. ஆள் தெரிந்தால் ஒரு துண்டு, ஆள் மறைந்தால் துண்டு நிறுத்தம். அந்தத் தூரம் எல்லா நாளும் ஒன்றாக இருக்காது. காலையில் காஸ் சிலிண்டர் வந்து, பிறகு மேளச் சத்தம் கேட்டு, மாலையில் ஹெல்மெட் ஆளும் வந்தால், பயம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிவிடும், நேற்று தாண்டிய இடத்தை இன்று தாண்டாது. அன்றைக்கு மொட்டை மாடியோடு நிறுத்திக்கொள்வோம். இது மெதுவான வேலை. தெருவில் ஒருவர் நல்லெண்ணத்தோடு நான்கு அடி முன்னால் வந்தால், அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது.

ஆகவே மனிதர்களைச் சமாளிப்பதுதான் பாதிப் பயிற்சி, அதற்கு உறையைவிட வாய்ச்சொல் உதவுகிறது. “இவளுக்கு வைத்தியம் நடக்குதுங்க, யாரையும் கிட்ட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்” என்றால் நம் ஊரில் உடனே மதிக்கிறார்கள். இது பொய்யும் இல்லை, எங்கள் டாக்டர் சொன்னதுதான். பெரியவர்களிடம் விவாதம் வேண்டாம். “சரிங்க ஐயா, பார்க்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே கால் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், நின்றால் போச்சு. உண்மையிலேயே உதவ நினைக்கிறவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்: “அண்ணா, அந்தப் பக்கமா திரும்பி நின்னுக்கிட்டீங்கன்னா எங்களுக்குப் பெரிய உதவி.” திரும்பி நிற்பார்கள், முகத்தில் ஒரு பெருமை கூட இருக்கும். குழந்தைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள், மரம் மாதிரி நில்லுங்கள் என்றால் நின்றுவிடுகிறார்கள்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற அண்ணன் ஒரு யோசனையும் சொன்னதில்லை. செவலை வரும்போது அவர் தலையைக்கூடத் தூக்கமாட்டார், துணியைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். பெட்டியைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் மெதுவாக வைப்பார், அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது அவர் வண்டிக்கு ஓரடி தள்ளி செவலை சாதாரணமாக மோந்து பார்த்துவிட்டுப் போகிறாள். பயிற்சியாளர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதும் இதையேதான்: பார்க்காதே, பேசாதே, தொடாதே.

உறை வேண்டும்தான் என்றால் லீஷுக்கு வாங்காமல், நீங்கள் போட்டுக்கொள்கிற டீ-ஷர்ட்டின் முதுகில் உள்ளங்கை அளவு எழுத்தில் “பயந்த நாய்” என்று அச்சடித்துக்கொள்ளுங்கள், இருபதடியில் படிக்கலாம். “கடிக்கும்” என்று மட்டும் போடாதீர்கள், அது பயந்த நாய்க்கு எதிராக ஊரைத் திருப்பிவிடும். வாய்மூடி போடவேண்டிய நாய் என்றால் துணியால் இறுக்குகிற மாடலை வாங்காதீர்கள், அதில் வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியாது, சென்னை வெயிலில் உயிருக்கே ஆபத்து. கூடை மாதிரி இருப்பதில் மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், ஈரலும் தின்னலாம். பெல்ட்டைப் பழக்கியதுபோலவே அதையும் மெதுவாகப் பழக்குங்கள்.

பெல்ட் வாங்குகிறவர்கள் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வாங்கிப் பழக்கிவிடுங்கள், அந்த வாரத்தில்தான் அதிக நாய்கள் ஓடித் தொலைகின்றன. தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 வரைதான், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நாள்கணக்கில் சத்தம் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். நாங்கள் அந்த நாட்களில் இருட்டோடு போய்விட்டு வந்துவிடுவோம், இரண்டு லீஷும் மாட்டி. சத்தத்துக்கு மிக அதிகமாக நடுங்குகிற நாய் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், அதற்கென்று மாத்திரைகள் இருக்கின்றன, கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெல்ட்டோடு வருகிற பெயர் வில்லை மெல்லியது, எழுத்து சீக்கிரம் அழிகிறது. செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, மூன்றாவது பட்டையின் வெளிப்பக்கம் ஒரு துண்டு ரெக்ஸின் தைத்து, அதில் அழியாத மையில் போன் நம்பரை எழுதிவிடுங்கள்.